பாலையில் நிற்கும் வன்னி

வன்னி நாட்டிற் பிறந்தார்க்குப் பாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நாவிலே இனிப்பு ஊறும். வைகாசி, ஆனி மாதங்களிலே எம் காடுகளிற் பொன்னிறமாய்ப் பழுத்துச் சொரியும் பாலைப்பழமே அவர்தம் நினைவுக்கு முதலில் வருவது. தமிழ் இலக்கியம் கற்பார்க்கோ அச்சொல் வேறொரு காட்சியைத் தரும். நீரும் நிழலும் அற்ற நெடுவழி, பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவன், அவ்வழியின் வெம்மையை எண்ணி வருந்தும் தலைவி என்பனவே அக்காட்சி. நிழலும் கனியும் தரும் மரத்துக்கும், அவ்விரண்டும் இல்லாத நிலத்துக்கும் ஒரே பெயர் வழங்குதல் வியப்பன்றோ!

இவ்வியப்புக்கு மறுபுறமும் ஒன்று உண்டு. மெய்யான பாலைவனத்துக்குச் சென்று பார்த்தால், அங்குள்ள மக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் மரம் எதுவென்று நினைக்கிறீர்கள்? தமிழர் வன்னி என்று வழங்கும் மரமே அது. வன்னியிலே பாலை நிற்கிறது. பாலையிலே வன்னி நிற்கிறது. இதனை நூல்களிற் படித்திருந்த நாம், நேரிற் கண்டது சென்ற மார்கழி விடுமுறையிலேதான்.

தார் நிலம்

உடன் கற்பிக்கும் ஆசிரியர் மூவரும் அவரவர் குடும்பத்தாருமாகப் பதினொருவர் வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். சென்னை சேர்ந்து, அங்கிருந்து புகையிரதத்திலே இரண்டு இரவுகளைக் கழித்து, இந்தியாவின் மேற்கு எல்லையிலுள்ள இராஜஸ்தான் மாநிலத்து ஜோத்பூரை அடைந்தோம். அங்கிருந்து ஜெய்சல்மேர் நகருக்குச் சாலை வழியே ஐந்து மணிநேரப் பயணம். இடையிலே பலோதி என்னும் ஊர் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அவ்வூரில் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. இந்தியாவில் அளவிடப்பட்ட வெப்பங்களுள் அதுவே மிக உயர்ந்ததென்பர். நாம் சென்ற மார்கழியிலோ காலைக் குளிரிலே பிள்ளைகள் போர்வையை விட்டு எழ மறுத்தனர்.

தார்ப் பாலைவனம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி இந்தியாவிலும் எஞ்சியது பாகிஸ்தானிலும் உள்ளன. பாலைவனம் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் மலைகளே இருக்குமென எண்ணிச் செல்வோர் முதலில் ஏமாற்றம் அடைவர். மணல்மேடுகள் அதில் ஒரு பகுதியே. கல்லும் பருக்கையும் பரந்த வெளி, முட்புதர், ஆட்டுக்கிடை, இடையிடையே ஊர் என்றவாறே நிலம் விரிந்து கிடக்கிறது. உலகப் பாலைவனங்களுள் மக்கள் மிகச் செறிந்து வாழ்வனவற்றுள் இதுவும் ஒன்று.

எம் வவுனியாவும் வறண்ட வலயமே. ஆயினும் ஆண்டுக்கு 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை மழை பெறுகிறோம். ஜெய்சல்மேரிலோ பெரும்பாலான ஆண்டுகளில் 200 மில்லிமீற்றரும் எட்டுவதில்லை. எமக்கு ஒரு மாரி மாதத்திற் பெய்வது அவர்க்கு ஓராண்டுக்கும் போதல் வேண்டும்.

ஜெய்சல்மேரை 1156ஆம் ஆண்டில் இராவல் ஜெய்சல் என்னும் மன்னன் நிறுவினான். மஞ்சட் கல்லாற் கட்டிய அவன் கோட்டை மாலை வெயிலிலே பொன்போல் ஒளிரும். மக்கள் இன்றும் குடியிருக்கும் அக்கோட்டை, 2013இல் இராஜஸ்தானின் ஏனைய மலைக்கோட்டைகளுடன் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. முன்னாளில் ஒட்டக வணிகச் சாத்துகளால் வாழ்ந்த நகர் அது. பம்பாய்த் துறைமுகம் வளர வணிகம் குன்றியது. 1947இல் நாடு பிரிக்கப்பட, மேற்கே சென்ற வழிகள் அடைபட்டன. சத்யஜித் ராய் தம் கதையை 1974இல் இங்கே திரைப்படமாக்கிய பின், வங்காளத்துப் பயணிகள் 'பொற்கோட்டை'யைக் காண வரலாயினர். இன்று நகரைத் தாங்குவனவற்றுள் சுற்றுலா முதன்மையானது.

சபாரி என்னும் சடங்கு

சபாரி என்பது சுவாகிலி மொழி வழியாக உலகெங்கும் பரவிய அரபுச் சொல். எம் முஸ்லிம் அன்பர்கள் பயணத்தைச் 'சபர்' என்பார்களே, அதுவே இதன் வேர். வளைகுடா நாடுகளிலே தொழில் புரியும் எம்மவர் பலர் துபாயிற் பாலைவனச் சபாரி சென்றிருப்பர். பிற்பகலில் வாகனம் வந்து ஏற்றும். மணலின் விளிம்பிலே சக்கரங்களின் காற்றைச் சற்றுக் குறைப்பர். அவ்வாறு செய்தால் சக்கரம் அகன்று பதிந்து, மணலிற் புதையாது ஓடும். பின்பு மேட்டிலேறிச் சரிவிற் பாயும் ஓட்டம், சிறிது ஒட்டகச் சவாரி, சூரிய அத்தமனம், ஆடல் பாடல், இரவு உணவு. ஜெய்சல்மேருக்கு மேற்கே நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளிலும் இம்முறையே இன்று நடைபெறுகிறது.

நாமும் அவ்வாறே சென்றோம். மணல்மேட்டின் அமைப்பு மாணவர் கண்டு கற்கத்தக்கது. காற்று வரும் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் முப்பது பாகைக்கும் மேலாகச் செங்குத்தாய் இறங்கும். காற்று மணலைத் தூக்கிச் செல்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையிற் பெரும்பாலான மணிகள் தரையோடு தரையாகத் துள்ளித் துள்ளியே நகர்கின்றன. உச்சியை அடைந்த மணி மறுபுறம் சரிந்து விழும். இவ்வாறு மணி மணியாக மேடே இடம் பெயர்கிறது.

ஒட்டகத்தில் ஏறுவார்க்கு ஒரு சொல். அது எழும்போது பின்கால்களையே முதலில் உயர்த்தும். ஆதலால் ஏறியிருப்பார் முன்னே கவிழாதபடி உடலைப் பின்னே சாய்த்தல் வேண்டும். இதனை அறிந்திராத எம் நண்பரொருவர் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டித் தழுவிய காட்சி பிள்ளைகட்குப் பெருவிருந்தாயிற்று.

எம் இளைய மகள் ஒட்டகம் ஓட்டிய இளைஞனை நோக்கி, "அண்ணா, இது தண்ணீரை முதுகிலேயா வைத்திருக்கிறது?" என்று வினவினாள். இந்தி அறிந்த நண்பர் மொழிபெயர்த்தார். அவன் சிரித்து, "முதுகிலே இருப்பது கொழுப்பு, தங்கச்சி. தண்ணீர் எங்கள் ஊர்க் கட்டிலே இருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை" என்றான்.

அவன் சொன்னது முற்றும் உண்மை. திமில் கொழுப்பின் சேமிப்பே. ஒட்டகத்தின் திறமை வேறிடத்தில் உள்ளது. அதன் உடல்வெப்பம் இரவில் 34 பாகையளவு தாழ்ந்து, பகலில் 40 பாகைக்கும் மேலே உயர இடந்தரும். ஆதலால் வியர்த்து நீரை இழக்க வேண்டிய தேவை குறைகிறது. நீர் கிடைத்தபோதோ பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நூறு இலீற்றர் வரை குடித்துவிடும். கிடைத்த வேளையில் நிறைய வாங்கிக்கொள்ளுதல், வாங்கியதைச் சிறுகச் சிறுகச் செலவிடுதல். ஒட்டகத்தின் இக்கொள்கையே பாலை மக்களின் கொள்கையுமாகும்.

அன்றிரவு கூடாரத்தருகே தீ மூட்டி, மாங்கணியார் எனப்படும் இசைக் குலத்தார் பாடினர். கமைச்சா என்னும் வில்லிசைக் கருவியின் குரல் நெஞ்சை உருக்குவது. தலைமுறை தலைமுறையாகப் புரவலரின் இல்லங்களிலே பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடிவந்த முஸ்லிம் கலைஞர் இவர். எனினும் சற்று நேரத்துக்குள் அடுத்த கூடாரத்திலிருந்து ஒலிபெருக்கியிற் சினிமாப் பாட்டு முழங்கியது. கமைச்சாவின் குரல் அதிலே அமிழ்ந்து போயிற்று. கூடாரத்துக் குளியலறைகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறதென வினவினோம். வண்டியில் ஏற்றி வருவதாக விடை கிடைத்தது. மணலைக் காண வந்த எமக்காக நீர் நெடுந்தூரம் பயணம் செய்திருந்தது.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத நாள்

மறுநாளை ஒட்டகக்காரன் சொன்ன கட்டுக்கென ஒதுக்கினோம். அதனைக் 'கடீன்' என்பர். பாலிவால் என்னும் அந்தணக் குடியினர் பதினைந்தாம் நூற்றாண்டளவில் இதனை இப்பகுதியிற் செழிக்கச் செய்தனர் என்பர். கற்பாங்கான மேட்டுநிலத்திற் பெய்யும் சிறுமழை மண்ணில் ஊறாது வழிந்தோடும். அது வந்து சேரும் தாழ்நிலத்தின் கீழ்ப்புறத்தே நீண்ட மண்கட்டு ஒன்றை எழுப்புவர். நீர் அங்கே தேங்கி, மெல்ல மண்ணுள் இறங்கும். மிகையான நீர் வழிய வானும், எஞ்சியதை வடிக்க மதகும் உண்டு. நீர் வற்றியபின் அவ்வீர மண்ணிலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். மேலும் மழை இல்லாமலே பயிர் விளைந்துவிடும்.

கட்டின்மீது ஏறி நின்றோம். ஒருபுறம் கல்லும் மணலும். மறுபுறம் முழங்காலளவு பச்சைக் கடலைப் பயிர். வவுனியாவிலிருந்து சென்ற எமக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குளக்கட்டு, வான், துருசு, வயல் என்ற நான்கினையும் அறிந்து வளர்ந்தவரல்லவா நாம்? ஒன்றே வேற்றுமை. எமது நாட்டிலே குளத்துக்குக் கீழே வயல். அங்கே குளமே வயல்.

வீடுதோறும் மற்றோர் ஏற்பாடு கண்டோம். 'தாங்கா' எனப்படுவது நிலத்தடியிலே அமைத்த மூடிய நீர்த்தொட்டி. அதனைச் சுற்றியுள்ள முற்றத்தைத் தொட்டியை நோக்கிச் சரிவாக மெழுகி வைப்பர். மழைத்துளி ஒன்றும் வீணாகாது உள்ளே சேரும். நகரின் ஓரத்திலுள்ள கடீசர் ஏரியும் பதினான்காம் நூற்றாண்டில் இவ்வாறே மழைநீரைச் சேர்க்க அமைந்தது. நெடுங்காலம் ஊரார் குடித்தது அந்நீரையே.

நகரிலிருந்து சுமார் பதினெட்டுக் கிலோமீற்றரில் குல்தரா என்னும் ஊர் உள்ளது. அதுவும் பாலிவால் மக்களின் ஊரே. நேரான தெருக்கள், கற்சுவர்கள், கிணறு, கோயில் எல்லாம் உள. மக்கள் மட்டும் இல்லை. கொடிய அமைச்சன் ஒருவனுக்கு அஞ்சிச் சுற்றியுள்ள ஊர்கள் அனைத்தும் ஓரிரவிலே வெறிதாயின என்பது வழிகாட்டிகள் கூறும் கதை. நீர் வற்றியமையாற் குடிகள் சிறிது சிறிதாகப் பெயர்ந்தனர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பேய்கள் உலவும் ஊரென்று விளம்பரம் செய்து பயணிகளை அழைக்கின்றனர். எம் குழுவில் எவருக்கும் பேயின் நினைவு வரவில்லை. கூரையற்ற சுவர்களை எம்மவர் நிறையவே கண்டவர்கள். பெரியவர்கள் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

மரத்துக்காக மடிந்தோர்

வழியெங்கும் வன்னி மரங்கள் நின்றன. அவ்வூரார் அதனைக் 'கேஜ்ரி' என்பர். குளிர்காலத்திலே கால்நடைத் தீவனத்துக்காகக் கிளைகளைக் கழிப்பது வழக்கமாதலால், பல மரங்கள் மொட்டையாய்க் காட்சியளித்தன. ஆயினும் அம்மரத்தின் பெருமையை அறிந்தவர் அதன் தோற்றத்தைக் குறைகூறார். அதன் வேர் முப்பது மீற்றருக்கும் ஆழமாகச் சென்று நீரைத் தேடும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. பிஞ்சுக்காயை உலர்த்தி வைத்துக் கறி சமைப்பர். நாமும் கம்பு ரொட்டியுடன் சுவைத்தோம். மண்ணுக்கு உரமூட்டும் இம்மரத்தின் கீழே கம்புப் பயிர் செழித்து வளர்வதால், உழவர் அதனை வயலினின்றும் அகற்றார். 1983 முதல் அது இராஜஸ்தானின் மாநில மரம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசிய மரமாகிய 'காப்' என்பதும் இதுவே.

தமிழர்க்கும் இது புதியதன்று. விநாயகருக்குச் சாத்தும் இருபத்தொரு பத்திரங்களுள் வன்னியும் ஒன்று. பாண்டவர் தம் படைக்கலங்களை ஒளித்து வைத்ததும் இம்மரத்திலேதான் என்பது பாரதக் கதை. எம் நாட்டுக்கு வன்னி என்னும் பெயர் வந்த காரணத்தைப் பலவாறு கூறுவர். இம்மரத்தின் பெயரால் வந்தது என்பதும் அவற்றுள் ஒன்று.

ஜோத்பூருக்கு அண்மையிலுள்ள கேஜட்லி கிராமத்திலே 1730ஆம் ஆண்டு நடந்ததை மாணவர் அனைவரும் அறிதல் வேண்டும். மார்வார் மன்னன் அபய் சிங்கின் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. அரசனின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தனர். அவ்வூர் விஷ்ணோய் மக்களின் ஊர். ஜம்பேசுவரர் என்னும் அருளாளர் 1485இல் வகுத்த இருபத்தொன்பது நெறிகளைப் பின்பற்றுவோர் அவர். பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அம்ருதா தேவி என்னும் பெண் மரத்தைக் கட்டித் தழுவி நின்றாள். கோடரி அவளை வீழ்த்தியது. அவள் பெண் மக்களும் அவ்வாறே நின்று மடிந்தனர். பின்னர் ஊர் ஊராக மக்கள் வந்து நின்றனர். மொத்தம் 363 பேர் உயிர் துறந்தனர். செய்தி கேட்ட மன்னன் வெட்டுதலை நிறுத்தி, விஷ்ணோய் ஊர்களில் மரமும் விலங்கும் காக்கப்படும் என ஆணையிட்டான் என்பர்.

மணலைக் காணச் செல்லும் பயணத்திலே இதனைச் சொல்வார் மிகச் சிலர்.

இன்றைய மாற்றங்கள்

பாலை இன்று விரைந்து மாறுகிறது. பஞ்சாபிலே சத்லஜ், பியாஸ் என்னும் ஆறுகள் கூடும் ஹரிகேயிலிருந்து நீரைக் கொணரும் கால்வாயின் பணி 1958இல் தொடங்கியது. இந்திரா காந்தியின் பெயர் பூண்ட அக்கால்வாய் ஏறத்தாழ 650 கிலோமீற்றர் நீண்டு, 1980களில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை அடைந்தது. குடிநீரும் பயிரும் பெருகின. சில இடங்களில் நீர் தேங்கி நிலம் கெட்டதும் உண்டு.

ஒட்டகமோ குறைந்து வருகிறது. 2012இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ நான்கு இலட்சமாக இருந்த தொகை, 2019இன் கணக்கெடுப்பில் இரண்டரை இலட்சமாயிற்று. இராஜஸ்தான் அதனை 2014இல் மாநில விலங்காக அறிவித்தது. ஆயினும் ஏற்றுமதியையும் கொலையையும் தடுத்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலை வீழ்ந்ததென ஒட்டகம் வளர்க்கும் இரைக்கா மக்கள் முறையிடுகின்றனர். மேய்ச்சல் நிலமும் சுருங்குகிறது. கானமயில் எனத் தமிழில் வழங்கும் பெரும்பறவை தமிழகத்திலே அற்றுப்போயிற்று. வெட்டவெளிகளில் அதன் இனம் நூற்றைம்பது அளவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலன இம்மாவட்டத்திலேயே உள. கதிரவன் மின்னிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் இழுத்த மின்கம்பிகளில் மோதி அவை மடிகின்றன.

செல்வோர்க்குச் சில சொற்கள்

குடும்பத்துடன் செல்ல விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரையான காலத்தைத் தெரிந்துகொள்க. பகல் இதமாக இருப்பினும் இரவிலே வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். கம்பளி ஆடை இன்றியமையாதது. கருவுற்ற பெண்டிரும், முதுகுநோய் இருதயநோய் உள்ளவரும் மணல்மேட்டு வாகன ஓட்டத்தைத் தவிர்த்தல் நன்று. கட்டணத்தையும் அதற்குள் அடங்குவன யாவை என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். எல்லையோரச் சில இடங்களுக்குச் செல்ல வெளிநாட்டவர்க்கு அனுமதி தேவை. சேணம் அழுத்திப் புண்பட்ட ஒட்டகத்தில் ஏறாதிருங்கள். பிளாஸ்டிக் போத்தல்களை மணலில் எறியாதீர். இரைச்சல் வேண்டாதார் குரி போன்ற சிற்றூர்களிலே வீட்டாரோடு தங்கலாம். அவ்வாறு தங்கினால் பணம் அவ்வூரார் கையிலேயே சேரும்.

இவை யாவற்றினும் மேலாக, வழிகாட்டியிடம் ஒரு வினாவைத் தவறாது கேளுங்கள்: "உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" அவ்வினாவுக்கு விடையாக அவர் காட்டும் இடமே நீங்கள் காண வேண்டிய பாலைவனம்.

தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டபோது கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் கருதிற்று. இதனை வகுப்பறையிற் பலமுறை கற்பித்திருக்கிறோம். கடீன் கட்டின்மீது நின்றபோதுதான் அதன் மறுதலையும் உண்மையென விளங்கியது. பேணுவார் இருப்பின் பாலையும் வயலாகும். பேணுவார் இல்லையெனின் முல்லையும் பாலையாகும். எம் மாவட்டத்திலே நூற்றுக்கணக்கான சிறுகுளங்கள் உள்ளன. நெடிய போரின் காலத்தே மக்கள் பெயர்ந்தமையாற் பேணுவாரின்றித் தூர்ந்தவை பல. 2009க்குப் பின் திருத்தப்பட்டவை உண்டு. இன்னும் காடு மண்டிக் கிடப்பனவும் உண்டு. இருநூறு மில்லிமீற்றர் மழையை வைத்துக்கொண்டு ஒரு மக்கட் கூட்டம் ஐந்நூறு ஆண்டுகளாகக் கடலை விளைவிக்கிறது. அதனினும் ஆறு மடங்கு மழை பெறும் நாம், அலைகரையைக் காத்து, கட்டை உயர்த்தி, துருசைத் திருத்தி வாழ்தல் அரிதோ? பாலைப்பழம் உண்ணும் எம் பிள்ளைகள், பாலை என்பது மரத்தின் பெயராக மட்டுமே இருக்கும் நாட்டில் வாழ்வார்களாக.